வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள்

ஜூன் 3, செவ்வாய்

இது போன வருஷத்து டைரி. கடை இருந்தபோது வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக என் வீட்டுக்காரர் அச்சடித்ததில் ஒரு கட்டு மிஞ்சிப்போனது. அட்டையில் 'உலகநாதன் பாத்திர மாளிகை, தென்காசி' என்று தங்க எழுத்தில் இருக்கிறது. உள்ளே கிழமைகள் எல்லாம் ஒன்று தள்ளி நிற்கின்றன. அவற்றை அடித்துவிட்டு நானே சரியாக எழுதிக்கொள்கிறேன்.

ரஞ்சனியை இன்று புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஏழாம் வகுப்பு பி பிரிவு, அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. பழைய பள்ளியில் எல்லாம் இங்கிலீஷ்மயம். பிள்ளைக்குத் தமிழில் ஒரு லீவ் லெட்டர் எழுத வரவில்லை. அதனால்தான் மாற்றினேன். எதிர்வீட்டு மீனாட்சி மைனி கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். "நல்ல காரியம் உமா, நம்ம பிள்ளைக்கு நம்ம பாஷ தெரியாண்டாமா" என்றாள். அவள் மகன் இன்னும் பழைய பள்ளியின் வேனில்தான் போகிறான்.

சேர்க்கைப் படிவத்தில் 'சத்துணவு' என்று ஓர் இடம். பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: வேண்டும், வேண்டாம். எழுத்தர் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேணும்னு போட்டுருவமாம்மா?" என்று கேட்டாள்.

"நாங்க சைவம். வீட்டுச் சாப்பாடுதான்" என்றேன்.

"முட்ட சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழப்பழம் குடுப்பாங்க. மத்ததெல்லாம் சைவந்தான்."

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி 'வேண்டாம்' கட்டத்தில் நானே டிக் போட்டு, கீழே முழுப் பெயரும் பி.காம். என்பதும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ரேஷன் அட்டையும் இப்படி வாங்கியதுதான். கல்யாணமான புதிதில், எந்தப் பொருளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய கௌரவ அட்டை. அரிசியும் இல்லை, சீனியும் இல்லை. முகவரிக்கு மட்டும். அவர் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

ஜூன் 9, திங்கள்

பேச்சியம்மாளைப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவிலிருந்து கீரைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளராம். எட்டு வருஷம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அரசாங்கம் பெண்களுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்ததும் உடம்பு வளையவில்லை, நின்றுவிட்டாள். தெருவில் நான் இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை; எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

"யம்மா, நல்லாருக்கியளா? பாப்பாவ இங்கயா சேத்திருக்கிய?"

"தமிழ் படிக்கட்டும்னு சேத்தேன்."

"அதுவுஞ் சரிதான்" என்றவளின் பார்வை என் கைப்பையில் நின்றது. ஒரு கிலோ அரிசி. நாலு தெரு தள்ளி, முகம் தெரியாத கடையில் வாங்கியது. அந்தக் கடையில் அரிசி நன்றாக இருக்கும் என்பதற்காகப் போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

சாரல். துணி காயவில்லை. விரதம்.

ஜூன் 18, புதன்

டப்பாவில் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. மூன்றாவது நாள். "பசிக்கலம்மா" என்கிறாள். வளருகிற பிள்ளைக்குப் பசிக்காமல் எப்படி இருக்கும்? சாப்பாட்டின் அருமை தெரியவில்லை என்று திட்டினேன். வீணாகிவிடுமே என்று சாயங்காலம் நானே சாப்பிட்டேன். காலையிலிருந்து விரதம் இருந்த வயிற்றுக்கு நன்றாக இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து அவர் போன் செய்தார். பெரிய பாத்திரக் கடை ஒன்றின் நிர்வாகம் முழுக்க இவர் கையில்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ, "ஏய் பில்லு, பில்லு போடாம எங்கய்யா போய்த் தொலஞ்ச?" என்று சத்தம் போட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் சொல்லி, போனை வைத்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் விரதம். திங்கள் சிவனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு. புதனையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மைனி, "இம்புட்டு விரதமா? அப்படி என்ன வேண்டுதல்ட்டி?" என்று கேட்டாள். உனக்கு எதற்கு என்று சொல்ல நினைத்தேன். குடும்ப நன்மைக்கு என்று சொன்னேன்.

டப்பா இன்றும் திரும்பி வந்தது.

ஜூலை 4, வெள்ளி

தெரு வாட்ஸப் குழுவில் யாரோ இலவசங்களைப் பற்றி ஒரு படம் போட்டிருந்தார்கள். சும்மா இருக்க முடியவில்லை. எழுதினேன்: "இலவசம் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள். பஸ் இலவசம், அரிசி இலவசம், பிள்ளைக்குச் சோறு இலவசம். பெற்றவர்களுக்குப் பெற்றதைத் தவிர வேறு வேலையே கிடையாதா? தன் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு போட முடியாதவர்கள் எதற்குப் பிள்ளை பெறுகிறார்கள்? வரி கட்டுகிறவன் வயிறு எரிகிறது."

பதினாறு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். மைனி கைதட்டல் போட்டிருக்கிறாள். மனசுக்குத் தெம்பாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு தெருவில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு.

ரஞ்சனி என் போனை எடுத்துப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு விவரம் கேட்கத்தான்.

பஸ்ஸில் பத்து ரூபாயை நீட்டினால் கண்டக்டர் வாங்க மாட்டேன் என்கிறான். "லேடீஸுக்கு டிக்கெட் இல்லம்மா."

"நான் காசு குடுத்துத்தான் வருவேன்."

"குடுத்தா நான் அத எதுல எழுத? உள்ள வைங்கம்மா. இல்லன்னா எறங்கி நடங்க." பஸ்ஸே சிரித்தது. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சாரலில் நனைந்தேன்.

அலுவலகத்தில் ஒரு வயசான குமாஸ்தா. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொருள் வேண்டாம்னு எழுதிக் குடுத்த அட்டைல்லா இது. அரிசி அட்டையா மாத்தணுமாக்கும்?"

"தெரிஞ்ச ஒருத்தங்களுக்காகக் கேக்கேன்" என்றேன். அட்டையில் என் படம் இருக்கிறது. நல்ல மனுஷன், அதைப் பார்க்காதவர் மாதிரியே பேசினார். "அந்தத் தெரிஞ்சவங்க விண்ணப்பம் குடுக்கட்டும். ஆள் விசாரிக்க வரும். அக்கம்பக்கத்துல நாலு வீட்ல கேப்பாக, நெசமாவே கஷ்டப்படுதாங்களான்னு."

"அக்கம்பக்கத்துலயா?"

"வேற யார்ட்ட கேப்பாக?"

மைனி வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்று, எதிர்வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ரஞ்சனியின் பையில் ஒரு வாழைப்பழம். ஏது என்றேன். தோழிக்குப் பிறந்தநாளாம். ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

ஜூலை 16, புதன்

மறுபடியும் பழம். வேறு தோழிக்குப் பிறந்தநாள். இந்த ஏழாம் வகுப்பு பி பிரிவில் வாரத்துக்கு ஒருத்தி பிறக்கிறாள் போலிருக்கிறது. நான் மேலே எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் எல்லாவற்றையும் தோண்டித் துருவிக்கொண்டிருக்கக் கூடாது.

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. குடை கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடம் போனேன். சாப்பாட்டு நேரம். வராந்தாவில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ரஞ்சனி. அவள் முன்னால் பள்ளிக்கூடத்துத் தட்டு. சாம்பார் சாதம். பேச்சி வாளியோடு வந்து, அவள் போதும் போதும் என்று கை நீட்ட, கேளாமல் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். போட்டுவிட்டு அவள் தலையைத் தடவினாள். அந்தக் கையாலேயே.

என் பிள்ளை சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

நான் உள்ளே போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இரவெல்லாம் யோசித்துக் காலையில் எழுதினேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். படிக்கிற காலத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். நகல் இங்கே.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு பி பிரிவில் பயிலும் என் மகளுக்குச் சத்துணவு வேண்டாம் என்று நான் எழுத்து மூலம் தெரிவித்திருந்தும், சமையல் உதவியாளர் பேச்சியம்மாள் தன்னிச்சையாக அவளுக்கு உணவு வழங்கி வருகிறார். பட்டியலில் இல்லாதவருக்கு அரசுப் பொருளை வழங்குவது முறைகேடு. தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர்."

ஜாதி கீதி பார்ப்பவள் இல்லை நான். அதை இங்கே எழுதி வைக்கிறேன். எட்டு வருஷமும் பேச்சிக்கு என்று தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தேன். அவளே பின்கட்டில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். ஒரு நாளும் எங்களுக்குள் ஒரு சொல் வந்ததில்லை. இது ஒழுங்கு பற்றிய விஷயம். அவ்வளவுதான்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ரஞ்சனியிடம் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

டப்பா திரும்பி வந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

ரஞ்சனி சாயங்காலம் வந்ததும் பையைத் தூக்கி எறிந்தாள். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

"லெட்டர் எழுதினது நீதான?"

"எந்த லெட்டர்?"

"ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆபீஸ்லருந்து ரெண்டு பேர் வந்து, என்னயும் பேச்சிக்காவையும் நிக்க வச்சு வாசிச்சாங்க. பேச்சிக்காவ நாளைலருந்து வராண்டாம்னு சொல்லிட்டாங்க. அவ அழவே இல்ல. கைய மட்டும் துடச்சுட்டே இருந்தா."

"பட்டியல்ல பேர் இல்லாதவளுக்கு அவ எதுக்குப் போட்டா? தப்பு தப்புதான? ஒனக்குத்தான் வீட்லருந்து கட்டிக் குடுக்கேன்லா? அதத் தின்னாம ஓசிச் சோத்துக்குத் தட்ட நீட்டிட்டு..."

"நான் அத தின்னுட்டா நீ என்னத்தத் தின்ப?"

கீழே கிடந்த பையை எடுக்கக் குனிந்தேன். அவள் விடவில்லை.

"காலைலயும் தண்ணி, மத்தியானமும் தண்ணி. கேட்டா விரதம். நான் பாக்கலன்னு நெனச்சியா? காலைல டீச்சர் சத்துணவுக்குக் கை தூக்கச் சொல்லும்போது எம்பேர் இல்லன்னு தூக்கல. மத்தியானம் டப்பாவத் தெறக்காம வச்சிட்டு உக்காந்திருந்தேன். பேச்சிக்காதான் வந்து கேட்டா. அம்மாக்கு வேணும்னு சொன்னேன். லீவு போட்ட பிள்ளையோட பங்க எனக்குப் போட்டா. அந்தப் பிள்ளைக்கு வர்ற பழத்தையும் எங்கிட்ட குடுத்து, அம்மாக்குக் குடுன்னு சொன்னா."

ஒன்றரை மாதமாக நான் உட்கார்ந்து சாப்பிட்டது எல்லாம் என்ன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது என்று எழுத வந்தேன். அது பொய். டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும்.

இருந்தும் வாயில் வந்தது என்னவோ, "அவகிட்டப் போயி நம்ம வீட்டுக் கதையச் சொன்னியா?" என்பதுதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டப்பா திரும்பி வந்தது. நான் தொடவில்லை. அவளும் தொடவில்லை. ராத்திரி புளித்துப்போனதைக் கொட்டினேன். சோற்றைக் கொட்டியது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும்.

ஆகஸ்ட் 6, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டு விட்டார். மத்தியானத்தில் ரஞ்சனி எதுவும் சாப்பிடாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். நேற்றுக் கணக்கு வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாளாம். "பட்டியல்ல சேக்கவாம்மா? ஒரு கையெழுத்துப் போதும்" என்றார்.

முதலில் என் கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். கோபத்தில் எழுதிவிட்டேன், பேச்சியை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எங்கிட்ட வந்து வாயால சொல்லியிருந்தா நானே அந்தம்மாவக் கூப்பிட்டு ரெண்டு வார்த்த சொல்லி முடிச்சிருப்பேன். நீங்க நகல் வேற அனுப்பியிருக்கீங்க. நல்லாவும் எழுதியிருக்கீங்க. முறைகேடுன்னு ஒரு சொல் மேல போயிட்டா அத யாரும் கீழ எறக்க முடியாதும்மா."

நன்றாக எழுதியிருக்கிறேனாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேச்சி வீட்டுக்குப் போனேன். எட்டு வருஷத்தில் அவள் வீடு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ரயில்வே கேட் தாண்டி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. நானே வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.

"பேச்சி, நான் வேணும்னு செய்யல."

"வேணும்னுதான் செஞ்சிய. தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிய." இலையை வெட்டிக்கொண்டே பேசினாள். "ஒண்ணு கேக்கட்டா? ஆயிர ரூவா வந்ததும் கொழுப்பெடுத்து நின்னுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னியளாம்லா?"

நான் முறத்தில் கிடந்த இலைகளைப் பார்த்தேன்.

"கட மூடுன மறுநா, நாளைலருந்து வராண்டாம்னு சொன்னது யாரு? எதுக்குன்னு கேட்டேனா? அய்யாவுக்குக் கட போயிட்டு, அம்மா எதக் குடுப்பாங்கன்னு வாயப் பொத்திட்டு வந்தேன். ஒங்க மானத்த நான் காப்பாத்துனேன். நீங்க என்னையச் சோம்பேறியாக்கிட்டிய."

இது உண்மை. ஜூன் மாதம் இந்த டைரியில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும்.

"ஒங்க வீட்ல மிச்சம் விழுந்தத எனக்குப் போடுவிய. எட்டு வருசம் தின்னேன். அத நான் ஓசின்னு நெனைக்கல, நீங்களும் புண்ணியம்னுதான் நெனச்சிய. சர்க்காரு போட்டா மட்டும் அது எப்படி ஓசியாவுதுன்னு எனக்கு வெளங்கல."

ரஞ்சனி எதுவும் சாப்பிடுவதில்லை என்றேன். பேச்சி வந்தால்தான் சாப்பிடுவேன் என்கிறாள் என்றேன். அவள் கை நின்றது.

"எனக்காவ ஒண்ணும் பட்டினி கெடக்க வேண்டாம்னு சொல்லுங்க. சோத்து மேல என்ன கோவம்? எம்மேல பிரியம் இருந்தா தட்ட எடுத்துட்டுப் போயி வரிசைல நிக்கச் சொல்லுங்க. பேர எழுதிக் குடுத்து, கையத் தூக்கி, நெஞ்ச நிமித்தி வாங்கித் திங்கச் சொல்லுங்க. அந்தப் பிள்ள திருடித் திங்குற மாரி தின்னுச்சு, அதுதான் எனக்கு ஆறல."

கிளம்பும்போது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். சொம்பில் கொடுத்தாள். தூக்கிக் குடிக்கத்தான் போனேன். பிறகு வாய் வைத்துக் குடித்தேன். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. கவனித்திருந்தால்கூட என்ன ஆகிவிடப் போகிறது? அவள் வேலை போனது போனதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

பேச்சி சொன்னதைச் சொன்னேன். "பேச்சிக்காவே சொன்னாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "சரி, பேர் எழுதிக் குடு" என்றாள். என்னைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெயர் எழுதிக் கொடுத்தேன். 'வேண்டும்' கட்டத்தில் டிக். பி.காம். போடவில்லை.

பட்டியலில் பெயர் ஏற்றியவர் சத்துணவு அமைப்பாளர் செண்பகவல்லி. அடுப்புப் புகையில் கண் சிவந்து, ஒரு கையில் கரண்டியோடு வந்து பேரேட்டில் எழுதினார். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு ஆக்கிக் கொட்ட அவரும் இன்னொரு உதவியாளரும் மட்டும்தான்.

"எனக்கும் மெமோ வந்திருக்கு, தெரியுமா? இருவது வருச சர்வீஸ்ல மொத மெமோ" என்றார். "பேச்சி இருந்தா காய் நறுக்கி, அரிசி களைஞ்சு, பதினோரு மணிக்கெல்லாம் எறக்கி வச்சிருவா. இப்ப பிள்ளைக ஒரு மணிக்குத் தட்ட வச்சிட்டுக் காத்துக் கெடக்குது. புது ஆள் போட மாசக்கணக்காகும்."

"மன்னிச்சிருங்க."

"மன்னிச்சா சோறு வெந்துருமா? நீங்கதான ஆள வெளிய அனுப்புனீங்க, நீங்களே வந்து நில்லுங்க. ஆர்டர் வர்ற வரைக்கும். என் கையிலருந்து ஏதோ தருவேன். மத்தியானம் இங்கயே சாப்பிட்டுக்கலாம்."

குத்திக்காட்டத்தான் சொன்னார். நான் முடியாது என்று எழுந்து வந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். என்னைக்கு வரணும் என்று நான் கேட்டதும் அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளை கண்முன்னால் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் போகிறேன் என்று எழுதினால் யார் நம்புவார்கள். வீட்டில் அரிசி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மாதமாகப் பணம் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பசிக்கிறது. விரதம் எல்லாம் பொய்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மைனியிடம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். "சேவையாட்டி?" என்றாள். ஆமாம் என்றேன்.

பழைய புடவை ஒன்றை எடுத்து வைத்தேன். ரஞ்சனியிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சரி என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

எட்டு மணிக்குப் போனேன். செண்பகவல்லி என்னிடம் அதிகம் பேசவில்லை. பதினைந்து கிலோ அரிசி களைந்தேன். தக்காளி நறுக்கினேன். அடுப்படி மூலையில் ஒரு ஆணியில் பேச்சியின் முந்தானைத் துண்டு தொங்கியது. கை துடைக்க அதைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு வகுப்பு வகுப்பாக எண்ணிக்கைச் சீட்டு வந்தது. ஏழு பி: முப்பத்தொன்று. நேற்று முப்பது என்று செண்பகவல்லி சொன்னார். கை தூக்கிவிட்டாள். என் பிள்ளை நாற்பது பேர் பார்க்கக் கை தூக்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் பக்கத்திலேயே இருந்தது நல்லதாயிற்று.

மணி அடித்ததும் தக்காளிச் சாத வாளியோடு வரிசை முன்னால் நின்றேன். பிள்ளைகள் என்னை ஏறிட்டுப் பார்த்து, "புது ஆயா, புது ஆயா" என்றார்கள். சத்துணவில் வேலை செய்கிற எல்லாருக்கும் இங்கே அதுதான் பெயர். குனிந்து குனிந்து போட்டுக்கொண்டே வந்தேன். வரிசை நகர்ந்து ரஞ்சனி முன்னால் வந்தாள். பேச்சி சொல்லச் சொன்னது போலவே நிமிர்ந்து நின்றாள். நான் ஒரு கரண்டி போட்டேன். அடியிலிருந்து தோண்டி இன்னொன்று எடுத்தேன்.

பின்னால் நின்ற பிள்ளை அவள் தோளை இடித்தது. "ஏட்டி, இந்த ஆயா ஒனக்கு மட்டும் நெறயப் போடுது. ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது" என்றாள் ரஞ்சனி.

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, கோபமே இல்லாமல், மற்றப் பிள்ளைகள் சொல்வது போலவே சொன்னாள்: "போதும் ஆயா."

தட்டை எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். நான் அடுத்த தட்டுக்குப் போட்டேன். நூற்று நாற்பத்தொரு தட்டு. கடைசியில் எனக்கும் போட்டுக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது.

நேற்று நான் இங்கே எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. விஷயத்தை அவளிடம் சொன்னபோது, கூடவே இன்னொன்றும் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல என்னய அம்மான்னு கூப்பிட்டுராத. யாராவது கேட்டா தெரியாதுன்னு சொல்லிரு" என்றேன்.

அதற்குத்தான் சரி என்றாள்.